கீழ் வீட்டுக்குக் கேட்ட பாட்டு

என் அக்காவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. அது எனக்கும் சிதம்பரத்தில் ஒரு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். மாமாவுக்குத் தெரியாது. அந்தத் தெரியாத மனுஷன்தான், அக்கா முகத்தில் பழைய சிரிப்பைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்காக ஒரு ஸ்டீரியோ செட் வாங்கக் கிளம்பினார். துணைக்கு வேறு என்னையே கூப்பிட்டார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மாமா பெயர் இளவரசு. கடலூர் கருவூலத்தில் சூப்பிரண்டு. நல்ல மனுஷன், ஆனால் விதி என்றால் உயிர். ஆளே இல்லாத ரோட்டில் சிவப்பு விளக்கு எரிந்தாலும் வண்டியை நிறுத்திப் பச்சை வரும்வரை காத்திருப்பார். பதவி உயர்வோடு மாற்றல் வந்ததும் சிதம்பரம் கனகசபை நகர் வீட்டைக் காலி செய்துவிட்டு, மஞ்சக்குப்பத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குக் குடிபோனார்கள். போன சூட்டிலேயே குடியிருப்போர் சங்கத்துக்கு அவரைச் செயலாளராக்கிவிட்டார்கள். மொட்டை மாடியில் வடாம் எந்தப் பக்கம் காயப்போடலாம், லிஃப்டில் கேஸ் சிலிண்டர் ஏற்றலாமா என்று விதிகளை எழுதி லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். அதில் ஒன்று, அடுத்த வீட்டுக்குத் தொந்தரவு தருகிற மாதிரி சத்தம் வைக்கக் கூடாது என்பது.

அக்கா கயல்விழி. பாட்டு விஷயத்தில் அவள் ஒரு ராட்சசி. பாட்டின் ஆரம்ப இசை தொடங்கியதும், பாடுகிறவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே முதல் வரியைச் சொல்லிவிடுவாள். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் ஆரம்பித்த விளையாட்டு அது. ஆபீஸ் விட்டு வந்ததும் மாமா பாட்டைப் போட்டுவிட்டு, “சொல்லு பாப்போம்” என்பார். அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே அவள் சொல்வாள். சில நாள் அவள் போடுவாள், “சொல்லுங்க பாப்போம்” என்று அவரைக் கேட்பாள். பாட்டு பாதி ஓடிய பிறகும் அவருக்குத் தெரியாது. பாடுவது ஆணா பெண்ணா என்பதுவரை கண்டுபிடித்தால் பெரிய விஷயம். “ஒங்களுக்குக் காது எதுக்கு, கண்ணாடி மாட்டவா?” என்று அக்கா சிரிப்பாள். தோற்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கடலூர் போனதும் அந்த விளையாட்டு நின்றுபோனது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அனுப்பிரியாவோடு மணிக்கணக்கில் போனில் பேசியவள், இப்போது எல்லாவற்றையும் மெசேஜில் அனுப்பினாள். காலிங் பெல் அடித்தால் கதவு திறக்கவில்லை. பேசினால் வாயையே உற்றுப் பார்த்தாள். புது ஊர், தெரிந்த முகம் இல்லை, அதனால் மனசு சரியில்லை என்று மாமா நினைத்துக்கொண்டார்.

விஷயம் வேறு. அந்த வருஷம் சித்திரையில் அக்கா மட்டும் சிதம்பரத்துக்கு வந்தாள். தெற்கு வீதியில் இருக்கும் என் மொபைல் கடையில் வந்து உட்கார்ந்து, “செல்வா, ஒரு காது டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போ” என்றாள். டாக்டர் நிறைய பரிசோதனை செய்துவிட்டு, பரம்பரையாக வருகிற நரம்புக் கோளாறு என்றார்.

“சன்னமான சத்தம் மொதல்ல போவும். அது ஏற்கெனவே போயிடுச்சு. கனமான சத்தம், மேளம் மாதிரி, இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்.”

“அதுக்கப்புறம் சார்?” என்று நான் கேட்டேன்.

“மெஷின் வெச்சுப் பாக்கலாம். இரைச்சல் ஜாஸ்தியாவும், வார்த்த தெளியறது கஷ்டம்தான்” என்று சொல்லிவிட்டு அவர் மேஜையைப் பார்த்தார்.

எங்கள் அப்பா ராமாமிர்தத்துக்கும் காது கேட்காது. காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில்லில் வேலை பார்த்தவர். மில்லு சத்தத்தில் போய்விட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். மில் பாவம், அதன்மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்திருக்கிறோம். அப்பாவை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். கூப்பிடுகிறவன் கழுத்து நரம்பு புடைக்கும். அவர் திரும்பாவிட்டால் பக்கத்தில் நிற்பவன் சிரிப்பான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

டாக்டர் வீட்டிலிருந்து இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமாகிட்ட சொல்லாத.”

அவள் பார்க்கிற மாதிரி நேராக நின்று, “ஏன்க்கா?” என்றேன்.

“அனுவுக்கு வரன் பாக்கறோம். வடலூர்ல ஒரு நல்ல எடம் வந்திருக்கு. பரம்பரையா வர்ற வியாதின்னு ஒரு வார்த்த வெளிய போனா எவன் வருவான்? ஒங்க மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. பொண்ணு பாக்க வர்றவுங்களுக்குத் தண்ணி குடுக்கறதுக்கு முன்னாடி இதத்தான் சொல்லுவாரு. அவ கழுத்துல தாலி ஏறட்டும். அதுக்கப்புறம் நானே சொல்றேன்.”

நான் தலையாட்டினேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு அவளாகவே சொன்னாள். “அவரும் அப்பாவ கூப்புட்ட மாதிரி என்னைக் கத்திக் கூப்புடுவாரு இல்ல? அதையும் என்னால தாங்க முடியாது செல்வா.”

இந்த நிலைமையில்தான் மாமா என் கடைக்கு வந்து நின்றார். “மச்சான், ஒங்க அக்கா எங்கிட்ட பேசறதே இல்ல. வீட்டுல பாட்டு இல்லாம போனதுதான் காரணம். ஒரு நல்ல ஸ்டீரியோ செட் பண்ணணும். பிளாட்டுக்குச் சரியா வர்ற மாதிரி.”

ஏற்கெனவே எல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். சுவரில் பலகை அடித்து வைக்கிற மாதிரி சின்ன ஸ்பீக்கர் போதும், அடுக்குமாடி வீட்டுக்கு அதுதான் லட்சணம், பேஸ் என்கிற கனத்த சத்தம் குறைவாக இருந்தால்தான் சுவர் தாண்டாது என்றார். எனக்கு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. கனமான சத்தம் இன்னும் கொஞ்ச காலம் இருக்கும்.

“சின்னது வேணாம் மாமா. பெருசா, தரையில நிக்கற மாதிரி வாங்குங்க” என்றேன்.

“மச்சான், நாம என்ன கல்யாண மண்டபத்துக்கா வாங்கறோம்?”

“சின்னது கொசு கத்தற மாதிரி இருக்கும். அக்காவுக்குப் புடிக்காது.”

அக்காவுக்குப் பிடிக்காது என்றதும் அடங்கிவிட்டார். அண்ணாமலை நகரில் குடியிருப்பைக் காலி செய்துவிட்டுப் போகிற ஒருவரிடமிருந்து இடுப்பு உயர ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் கிடைத்தன. நண்பனின் ஆம்னி வேனில் ஏற்றிக்கொண்டு ஆலப்பாக்கம் வழியாகக் கடலூர் போனோம். வழி முழுக்க மாமா பின்னால் திரும்பித் திரும்பிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தார், பிறந்த பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துப் போகிறவர் மாதிரி.

ஹாலில் வைக்கும்போது அவர் பண்ணிய அட்டகாசம் கொஞ்சநஞ்சமல்ல. இஞ்ச் டேப்பை எடுத்து இரண்டு பெட்டிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு தூரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டார். அங்கே உட்கார்ந்தால்தான் இடப்பக்கத்து வயலின் இடப்பக்கமும், வலப்பக்கத்து புல்லாங்குழல் வலப்பக்கமும், பாடுகிறவர் நட்டநடுவிலும் வருவார்களாம். வெறும் சுவரில் எதிரொலி வரும் என்று அலமாரியை நகர்த்தி, திரை தைத்து மாட்டி, ஒயரைச் சுவரோரமாக ஒட்டி, எல்லாம் முடிந்ததும் அக்காவைக் கைபிடித்துக் கூட்டிவந்து அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்.

பாட்டு ஆரம்பித்தது. மாமா அவள் முகத்தையே பார்த்தார். “கேக்குதா கயலு?”

“கேக்குது மாமா.”

“நல்லா கேக்குதா?”

“நல்லா கேக்குது.”

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. ஒயர் சரிபார்க்கிற மாதிரி சுவரோடு ஒட்டிக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் அக்கா நாற்காலியை விட்டு எழுந்து, ஸ்பீக்கர் பெட்டி ஒன்றின் பக்கத்தில் போய்த் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையை டைல்ஸ்மேல் ஊன்றிக்கொண்டாள்.

மாமா பதறினார். “அங்க உக்காந்தா ஸ்டீரியோவே இல்ல கயலு! ஒரு பக்கம்தான் கேக்கும்.”

“தர ஜில்லுன்னு இருக்கு மாமா. நாற்காலியில முதுகு வலிக்குது” என்றாள் அவள்.

அளந்து போட்ட நாற்காலி காலியாகக் கிடந்தது. மாமா மனசுக்குள் நொந்துகொண்டே அடுத்த பாட்டைப் போட்டு, வழக்கம்போல, “சொல்லு பாப்போம்” என்றார். அக்கா கண்ணை மூடினாள். தரையில் வைத்த கையின் விரல்கள் மெல்ல விரிந்தன. பிறகு பாட்டின் முதல் வரியைச் சொன்னாள்.

சரியாகச் சொன்னாள். மாமா கைதட்டினார். இன்னொன்று போட்டார், அதையும் சொன்னாள். அடுத்ததில் தடுமாறினாள், அதற்கடுத்ததைச் சொல்லிவிட்டாள். காதால் பாதி, உள்ளங்கையால் பாதி என்று சேர்த்துச் சேர்த்து அவள் கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள். தாளத்தின் நடையை வைத்தே எந்தப் பாட்டு என்று பிடித்துவிடுகிற ஆள் அவள், நினைவில் அத்தனை பாட்டு இருந்தது. “பாத்தீங்களா மச்சான், பாட்டுதான் மருந்து” என்று மாமா என் முதுகில் அடித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்ச காலம் என்றுதானே டாக்டர் சொன்னார், அந்தக் கொஞ்ச காலம் இவர்களுக்கு இப்படிப் போகட்டும் என்று நினைத்தேன்.

அப்படிப் போகவில்லை. நேர் கீழ் வீட்டில் சவரியம்மாள் என்று ஓர் ஓய்வுபெற்ற நர்ஸ் தனியாக இருந்தார். எல்லோரும் சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். ஒரு நாள் அவர் மேலே வந்து, லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த விதியைச் சொல்லாமல் சொன்னார்.

“பாட்டு கேட்டாக்கூட பரவாயில்ல சார், நானும் கேட்டுக்கிட்டு இருப்பேன். எனக்குப் பாட்டே கேக்கல. தும் தும்முனு இடிக்கறது மட்டும்தான் கேக்குது. மத்தியானம் கண்ண மூட முடியல. எனக்கு பிபி வேற.”

செயலாளர்மேலேயே புகார். மாமா கூனிக் குறுகிப் போனார். அக்கா இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சிரித்த முகமாக நின்றாள். சிஸ்டர் இறங்கிப் போனதும் மாமா வேலையை ஆரம்பித்துவிட்டார். லாரி டயரிலிருந்து வெட்டிய ரப்பர் துண்டுகளை வாங்கிவந்து தரையில் வைத்து, அதன்மேல் கடப்பா கல்லைப் போட்டு, கல்லுக்குமேல் இன்னொரு ரப்பர் விரிப்பை விரித்து, அதன்மேல் பெட்டிகளைத் தூக்கி வைத்தார். அதிர்வு தரைக்கு இறங்காமலிருக்க இதுதான் வழி என்று எங்கோ படித்திருந்தார். படித்தது சரிதான். கீழே போய், ரப்பர் வைத்ததைச் சொல்லி, சிஸ்டரையே கேட்டார். இப்போது ஒரு சொட்டு சத்தம் இல்லை என்று அவர் மனசாரச் சொல்லி, ஒரு டப்பா நிறைய முறுக்கு கொடுத்து அனுப்பினார்.

மாமா போனில் இதைப் பெருமையாகச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“அந்த ரப்பர எடுத்துடுங்க மாமா. சவுண்டே செத்துடும்.”

“இல்ல மச்சான், இப்பதான் தெளிவா இருக்கு. நாற்காலியில உக்காந்து கேட்டுப் பாருங்க, பாடறவுங்க மூச்சு விடறதுகூட கேக்குது.”

“மாமா, சொன்னா கேளுங்க.”

“செயலாளரே விதிய மீறுனா மத்தவன் மதிப்பானா?”

உண்மை வாய்வரை வந்தது. அக்காவின் கை என் கையைப் பிடித்தது நினைவுக்கு வந்து விழுங்கிக்கொண்டேன்.

அடுத்த முறை போனபோது நானே பார்த்தேன். மாமா பாட்டைப் போட்டார். அக்கா வழக்கமான இடத்தில் உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கையை நகர்த்தி வேறு இடத்தில் வைத்தாள். இன்னும் தள்ளி வைத்தாள். கீழே விழுந்த கம்மல் திருகாணியைத் தேடுகிற மாதிரி தரையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“சொல்லு பாப்போம்” என்றார் மாமா.

“தெரியல மாமா.”

அடுத்தது போட்டார். அதுவும் தெரியவில்லை. அதற்கடுத்ததும் தெரியவில்லை. அது அவர்கள் கல்யாண வீட்டில் மைக்செட்டில் திரும்பத் திரும்பப் போட்ட பாட்டு. மாமாவுக்கே தெரிந்த ஒரே பாட்டு.

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள். மாமா அவள் முதுகைப் பார்த்துச் சொன்னார். “இதுகூட தெரியலன்னா என்ன அர்த்தம்? வேணும்னே பண்ற. என்கூட உக்காரப் புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லேன்! எதுக்கு இந்த நடிப்பு?”

அத்தனை வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அக்கா திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு டம்ளர் காபியோடு வந்து, “சக்கர சரியா இருக்கா மாமா?” என்றாள். அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் நடந்த ஒரே நல்ல காரியம் அதுதான். ஆனால் மாமா அதையும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். இத்தனை சொல்லியும் பதில் பேசாமல் காபி கொடுக்கிறாள் என்றால் தன்மேல் இருந்த ஆசையே விட்டுப்போய்விட்டது என்று நம்பினார். பஸ் ஸ்டாண்டுக்கு என்னைக் கொண்டுவிட வந்தவர், “நான் அவளுக்கு என்ன கொற வெச்சேன் மச்சான்?” என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. நான் பஸ் எந்தப் பக்கம் நிற்கிறது என்று தேடுகிறவன் மாதிரி நடித்தேன்.

வரன் வீட்டார் பெண் பார்க்க வர நாள் குறித்திருந்தார்கள். அந்த ஏற்பாட்டுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கடலூர் போனேன். காலையில் மாமாவும் நானும் முதுநகர் துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினோம். பெல் அடித்தோம். திறக்கவில்லை. உள்ளே பாட்டு கேட்டது. மாமா தன் சாவியால் கதவைத் திறந்தார்.

அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தாள். இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிப்பிடித்து, கன்னத்தை அதன் துணியோடு வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

“கயலு” என்றார் மாமா.

அவள் அசையவில்லை. அந்தப் பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டின் இசை தொடங்கியது. அக்கா இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிறகு தனக்குத்தானே, கொஞ்சம் உரக்க, அந்தப் பாட்டின் முதல் வரியைச் சொன்னாள். அவள் சொல்லி முடித்த பிறகு பாடகி அதே வரியைப் பாட ஆரம்பித்தார். யாரும் “சொல்லு பாப்போம்” என்று கேட்காமலே அக்கா தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள்.

“கயலு!” என்று மாமா மறுபடி கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. “கயலு!” என்று மூன்றாவது முறை கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. அவள் அப்போதும் திரும்பவில்லை. மாமா மீன் பையைக் கதவோரம் வைத்தார். வைத்த இடத்திலேயே கொஞ்ச நேரம் குனிந்தபடி இருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

நாங்கள் கிட்டே போனதும்தான் எங்கள் நிழல் பட்டுத் திரும்பினாள். கன்னத்தில் பெட்டித் துணியின் கட்டம் கட்டமான தடம் பதிந்திருந்தது. முதலில் என்னைத்தான் பார்த்தாள்.

“சொல்லிட்டியா?”

இல்லை என்று தலையாட்டினேன். மாமா அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். உட்காரத் தெரியாதவர் மாதிரி காலை எங்கே வைப்பது என்று தடுமாறினார்.

“எவ்ளோ நாளா?” அவர் குரலே வரவில்லை. ஆனால் அவளுக்கு உதடு போதும்.

“இங்க வர்றதுக்கு முன்னாடியே மாமா. அப்பாவுக்கு வந்ததுதான். அனு கல்யாணம் முடியட்டும்னு பாத்தேன்.” அக்கா அழாமல்தான் பேசினாள். “நீங்க செட் போட்டப்ப தரையில கைய வெச்சா பாட்டு வந்துது. கொஞ்சம் காதுல, கொஞ்சம் கையில. எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அப்புறம் ஒரு நாள் தரையில எதுவுமே வரல. அவ்ளோதான், மிச்சம் இருந்ததும் போயிடுச்சுன்னு நெனச்சேன். குளிக்கற ரூம்ல போய் ஒக்காந்து அழுதேன். நீங்க ஆபீஸ் போனதும் பொட்டியத் தொட்டுப் பாத்தேன். பொட்டிக்குள்ள இருந்துது மாமா. அது எங்கயும் போவல.”

மாமா பெட்டிக்கு அடியில் இருந்த ரப்பரைப் பார்த்தார். கடப்பா கல்லைப் பார்த்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. தன் கையாலேயே, அளந்து, ஒழுங்காக, கீழ் வீட்டுக்காரர் மெச்சும்படி, அவளுக்கு மிச்சமிருந்த பாட்டை அவர் எடுத்துவிட்டிருந்தார்.

எழுந்து பெட்டிகளை நகர்த்தினார். நான் பிடிக்கப் போனேன், விடவில்லை. கல்லைத் தூக்கிச் சுவரோரம் சாத்தினார். ரப்பர் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி பால்கனியில் எறிந்தார். பெட்டிகளை வெறும் தரையில் வைத்தார். பிறகு அக்காவின் முகத்துக்கு நேராக நின்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“நான் கீழ போறேன். நீ பாட்டு போடு. என்ன பாட்டுன்னு நான் சொல்றேன்.”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான். அவர் செருப்புகூடப் போடாமல் படியில் இறங்கினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

கதவைத் திறந்த சவரியம்மாள் சிஸ்டர், மாமா நின்ற கோலத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். “என்ன சார், வீட்டுல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?”

“என் வீட்டுக்காரிக்குக் காது கேக்காது சிஸ்டர்” என்றார் மாமா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா அவரைச் சரியாகத்தான் எடைபோட்டிருந்தாள். ஒரு மாடி இறங்குவதற்குள், கண்ணில் பட்ட முதல் ஆளிடமே சொல்லிவிட்டார்.

“நீங்க சொன்னீங்கல்ல, பாட்டு கேக்கல, தும் தும்முனு மட்டும் கேக்குதுன்னு. அவளுக்கும் அதுதான் கேக்குதாம். நான் இங்க கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கட்டுமா? அவளுக்கு எப்படிக் கேக்குதுன்னு பாக்கணும்.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒரு நாற்காலியை எடுத்து ஹாலின் நடுவில் போட்டார். சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினார். வேளாங்கண்ணி மாதா படத்துக்குக் கீழே போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டார்.

மேலே ஆரம்பித்தது. தும் தும். தும் தும் தும். சுவருக்குள் யாரோ கைமுட்டியால் தட்டுகிற மாதிரி இருந்தது. அதில் வயலின் இல்லை, புல்லாங்குழல் இல்லை, குரல் இல்லை. மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டார். தலையைச் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். எழுந்து போய் அக்கா வைக்கிற மாதிரியே உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வந்தது. இரண்டுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

“இத வெச்சிக்கிட்டா மச்சான் அத்தன பாட்டையும் சொன்னா?” என்றார். “நான் என்னான்னா அவ என்ன வெறுத்துட்டான்னு நெனச்சேன்.”

சிஸ்டர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ரப்பர இனிமே வெக்காதீங்க சார். நான் மத்தியானத்துல உள் ரூம்ல படுத்துக்கறேன். பொண்ணு பாக்க வர்றாங்கன்னு சொன்னீங்களே, இந்த விஷயம் என்னோடயே இருக்கும், கவலப்படாதீங்க” என்றார்.

பெண் கல்யாணம், விதி, சங்கம் எதுவும் அப்போது மாமா நினைப்பில் இல்லை. அவர் போன் ஒலித்தது. அக்காவிடமிருந்து மெசேஜ். கண்ணாடி இல்லாமல் வந்துவிட்டதால் போனை என்னிடம் நீட்டினார். நான் படித்துக் காட்டினேன்.

“சொல்லுங்க பாப்போம்.”

மாமா சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டார். மேலே அந்த இடி போய்க்கொண்டே இருந்தது. வாய்க்குள் எதையெதையோ முணுமுணுத்து அதன்மேல் பொருத்திப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். “தெரியல கயலு.”

மேலேயிருந்து உடனே பதில் வந்தது. இது நம்ம கல்யாணப் பாட்டு மாமா, இதுகூடவா தெரியல, என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது. “கேக்குதா?”

அவர் அழுதுகொண்டே, இந்தத் தடவை தேடாமல், “கேக்குது” என்று அடித்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, முன்னால் “நல்லா” என்று சேர்த்து அனுப்பினார்.